இரண்டு பாட்டுக்கு நடுவே

நாவலடிச் சந்தியில் வடக்கே திரும்பிய வாகரை பஸ்ஸில் “மாங்கேணி” என்று சொல்லி ரிக்கெற் வாங்கியபோது எனக்கே சிரிப்பு வந்தது. அந்தப் பெயரை நூற்றுக்கணக்கான தடவை வாயால் சொல்லியிருக்கிறேன். காலால் ஒரு தடவைகூட மிதித்ததில்லை.

கிழக்கில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் சில வருடம் பகுதிநேர அறிவிப்பாளனாக இருந்தேன். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். பழைய பாட்டு மட்டும் போடும் நிலையம். ஞாயிறு காலை நேயர் விருப்பம் என் கையில். வரும் தபாலட்டைகளில் மூன்று ஊர்கள் அடிக்கடி சேர்ந்தே வரும். அவற்றை ஒரே மூச்சில் வாசிப்பேன்: காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி. காயா, மா, பனிச்சை என்று மூன்று மரம், மூன்று கேணி. வாசிக்கும்போதே தாளம் விழும். மாங்கேணி அட்டைகளில் பாதி ஒரே கையெழுத்து. நீல மை, ஒவ்வொரு அட்டையின் அடியிலும் “றேடியோ திருத்துனர்” என்று ஒரு கோடு போட்ட வரி. நிலையம் கைமாறி, என் வேலையும் போய், வெகுகாலம் கழித்து அந்த வரியைத் தேடித்தான் போனேன்.

கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் இந்த ஊரார் ‘ஆறு’ என்றே சொல்லும் களப்பு. நடுவில் வெள்ளை மணல். பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் ஒரு வேப்பமரம், அதன் கீழே தகரக் கொட்டில். உள்ளே பலகை அடுக்கில் இருபது முப்பது பெட்டிகள். மர உடம்போடு ஒரு பிலிப்ஸ் வால்வு றேடியோ, தோல் உறை கிழிந்த நஷனல் ட்ரான்சிஸ்டர்கள், கசெற் மூடி போன சன்யோ. மேசையில் சூட்டுக்கோல், ஈயக் கம்பிச் சுருள், பல் தேய்ந்த பிறஷ். எழுபது தாண்டியவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

நான் ஆரென்று சொல்லவில்லை. “ஐயா, பழைய பெட்டிகளைப் பாத்திட்டுப் போக வந்தன்” என்றேன். குரலைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

“ஞாயித்துக்கிழமைத் தம்பி தானே? இரிங்க மனே, இரிங்க.”

அவருக்கு முன்னால் வாவியில் தொழில் செய்யும் ஓர் இளைஞர் நின்றார். பொலித்தீன் பையில் சுற்றிய ட்ரான்சிஸ்டர் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். தோணியில் போகும்போது பாட்டுக்கும் காலநிலை அறிவிப்புக்கும் அதுதானாம். தொலைபேசி நனைந்தால் காசு போச்சு, இது நனைந்தால் மாமா இருக்கிறார் என்றார். குமிழைத் திருகினால் முள் நகரவில்லை.

ஐயா முதுகு மூடியைக் கழற்றினார். உள்ளே டயல் நூல் அறுந்து சுருண்டு கிடந்தது. புது நூல் ஒரு முழம் வெட்டி, நுனியில் மெழுகு தடவினார். குமிழின் தண்டில் இரண்டரைச் சுற்று, ஓரத்துச் சின்னக் கப்பிகள் இரண்டின் மேலாக ஒரு வளைவு, பெரிய சக்கரத்தின் பள்ளத்தில் ஒரு சுற்று, கடைசியில் சக்கரத்துக்குள் இருக்கும் ஸ்பிறிங்கில் ஒரு முடிச்சு. முடிச்சு இளகினால் முள் வழுக்கும், இறுகினால் நூல் திரும்ப அறும். விரல் நுனியால் நூலைச் சுண்டிக் காதில் கேட்டார், வீணைக்காரர் தந்தியைச் சுண்டுவதுபோல. இரண்டு தடவை அவிழ்த்தார். மூன்றாம் தடவைதான் முடிச்சை விட்டார்.

“கம்பனிக்காரன் இதுக்கொரு படம் அடிச்சிருப்பான். அது இல்லாட்டி முதல்ல போட்டவன் எப்பிடிப் போட்டான் எண்டு நூலிர தழும்பப் பாத்துத்தான் போடணும்.”

உப்புக் காற்றுத்தான் இந்த ஊரில் றேடியோவுக்கு எமன். பற்றறி வைக்கும் தகடு பச்சை பூத்துப்போகும். வொலியூம் குமிழ் கரகரக்கும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்த பிறகு, சேற்றிலிருந்து பொறுக்கிய பெட்டிகளைச் சனம் இவரிடம் கொண்டு வந்ததாம். எல்லாரும் வெயிலில் காய வைத்துவிட்டுக் கொண்டு வந்தார்கள். இவர் திட்டினார். “தண்ணி ஒண்டும் செய்யாது மனே. உப்புத்தான் திண்டு போடும். நல்ல தண்ணியில கழுவி, மறுகா காய வைக்கணும்.” கேணித் தண்ணீரில் சேர்க்கிற்றுப் பலகைகளைப் பாத்திரம்போல அலசிக் கொடியில் தொங்கவிட்டதாகச் சொன்னார். சில பெட்டிகள் திரும்பப் பேசின. இரண்டு வருடம் கழித்து வாகரைப் பகுதியில் சண்டை மூண்டு ஊரே இடம்பெயர்ந்தபோது பெட்டிகளை விட்டுவிட்டு, சூட்டுக்கோலை மட்டும் சாரத்தில் செருகிக்கொண்டு போனாராம்.

பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கேட்டார்: “உங்கட நிலையம் கைமாறினது எனக்கு எப்ப விளங்கினது தெரியுமா? பத்திரிகையில வரல்ல. ஆரும் சொல்லவும் இல்ல. ஒரு திங்கக்கிழமை பாட்டு முடிஞ்சுது. என்ன படம், ஆர் பாடினது எண்டு சொல்லாம அடுத்த பாட்டு வந்திச்சு. சரி, பொடியனுக்குத் தொண்டை கட்டியிருக்கும் எண்டு நினைச்சன். அடுத்ததுக்கும் சொல்லல்ல. மூண்டாவதுக்கும் சொல்லல்ல. அப்ப விளங்கிச்சு, கதிரையில வேற ஆளெண்டு.”

பெட்டி திருத்துபவரின் காது அது. பழுது எந்த இடத்தில் என்று ஒலியை வைத்தே சொல்லிவிடுவார்.

அவர் சொன்னது சரிதான். வாங்கியவர்களுக்கு வேண்டியிருந்தது அலைவரிசை. இலங்கையில் ஒரு வானொலிக்கு அதுதான் நிலம், பாட்டெல்லாம் அதன் மேல் நிற்கும் பயிர். முதல் வாரம் இனிப்பு கொடுத்தார்கள், எல்லாம் இருந்தபடியே இருக்கும் என்றார்கள். இரண்டாம் வாரம் ஒரு கணினி வந்தது. பாட்டுகளை அதில் ஏற்றிவிட்டால் அதுவே அடுக்கி அடுக்கிப் போடும். அறிவிப்பாளர் ஒரு நாள் வந்து ஒரு கிழமைக்கான வரிகளைப் பேசிப் பதிந்துவிட்டுப் போகலாம். வரி பதினைந்து செக்கனுக்கு மேல் போகக்கூடாது. அதில் நிலையத்தின் பெயர் கட்டாயம் வரவேண்டும். படத்தின் பெயருக்கு இடம் இருந்தால் சொல்லலாம். இடம் இருப்பதில்லை. தபாலட்டை எடுப்பது நின்றது. அவர்கள் கணக்கில் பிழை சொல்ல மாட்டேன். நாலு பேருடைய சம்பளத்தை ஒரு கணினி மிச்சம் பிடித்தது. விளம்பரக்காரர்களுக்கும் அறுபது வயது நேயர் வேண்டியிருக்கவில்லை.

எனக்கு வலித்தது இன்னொன்று. எங்கள் மூத்த அறிவிப்பாளர் ஒருவர் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சின்ன அட்டை வைத்திருந்தார். படம், வருடம், இசை, கவி, குரல். அதன் கீழே பென்சிலால் அவருடைய குறிப்பு: முகப்பிசை 22 செக்கன், இரண்டாம் சரணத்தில் கீறல், மரணச் செய்திக்குப் பிறகு போட வேண்டாம், இதையும் அடுத்ததையும் சேர்த்துப் போட்டால் ராகம் ஒட்டும். முகப்பிசைக்கு மேலே பேசி, பாடகர் வாய் திறக்கும் நொடிக்கு முன் பேச்சை நிறுத்தும் வித்தையை எனக்குக் கற்றுத் தந்தது அந்தப் பென்சில் எழுத்து. இடம் துப்புரவாக்கிய அன்று அட்டைப் பெட்டிகள் பின்வாசலில் கிடந்தன. ஒரு கட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். மீதி மழையில் போனது.

“கைமாறுறது புதுசா மனே?” என்றார் ஐயா, வொலியூம் குமிழுக்குள் ஸ்பிரிற் விட்டபடி. புதிதல்லத்தான். கொழும்பில் 1925 டிசம்பரில், தந்தித் திணைக்களத்தில் இருந்த எட்வர்ட் ஹாப்பர் தொடக்கி வைத்த ஒலிபரப்பு எத்தனை கை மாறியிருக்கிறது! உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக ஒலித்த றேடியோ சியாக்கின் சக்திவாய்ந்த சிற்றலைக் கருவிகள் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தன. அடுத்த வருடமே வர்த்தக சேவை. 1967 ஜனவரி 5இல் அரசுத் திணைக்களமாக இருந்தது கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் நாட்டின் பெயரோடு அதன் பெயரும் மாறியது. இதற்கிடையில் இந்தியாவில் 1952இல் தகவல் அமைச்சரான கேஸ்கர் ஆகாசவாணியில் திரைப்பாட்டைச் சுருக்க, பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டு வீடுகளில் முள் கொழும்புக்கு நகர்ந்தது. 1957இல் விவித்பாரதி தொடங்கிய பிறகும் அந்த ஒட்டு விடவில்லை.

இத்தனை தடவை பெயர்ப்பலகை மாறியும் கேட்டவர்களுக்கு ஏன் அது ஒரே வானொலியாக இருந்தது என்று கேட்டேன். ஐயா யோசிக்கவே இல்லை.

“பேசினவங்க மாறல்லயே. மாறினாலும் பழகி மாறினாங்க. மயில்வாகனன் ஐயா பேசின மாதிரி ராஜேஸ்வரி அக்கா பேசல்ல, அக்கா மாதிரி கே.எஸ். ராஜா பேசல்ல, ராஜா மாதிரி அப்துல் ஹமீது பேசல்ல. ஆனா எல்லாரும் படத்திர பேரச் சொன்னாங்க, பாடினவர்ர பேரச் சொன்னாங்க. எழுதினவன மறக்கல்ல. ராஜா எவ்வளவு வேகமாக் கதைச்சாலும் ஒரு எழுத்து விழாது.”

அந்தக் கூட்டுத்தாபனத்தின் இசைத்தட்டுக் களஞ்சியத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். களஞ்சியம் தட்டுகளை வைத்திருக்கும். எந்தத் தட்டை எந்த வேளையில் எடுப்பது என்பதை ஆட்கள்தான் வைத்திருந்தார்கள். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடும். அதற்குள் அடுத்த தட்டை எடுத்து, தூசி துடைத்து, முள்ளை முதல் கோட்டில் வைத்து, பின்னோக்கி அரைச் சுற்று சுழற்றி நிறுத்த வேண்டும். கையை எடுத்தால் பாட்டு இழுபடாமல் தொடங்கும். அந்த மூன்று நிமிடங்களில்தான் அடுத்து என்ன சொல்வது என்றும் அவர்கள் யோசித்தார்கள். கணினி அந்தக் கை வேலையை எடுத்துக்கொண்டது. கூடவே யோசிக்கும் நேரத்தையும் எடுத்துக்கொண்டது.

1998இல் சூரியன், சக்தி என்ற பண்பலை நிலையங்கள் வந்த கதைக்குப் போனோம். பண்பலையின் தெளிவு இவருக்கும் பிடித்திருந்தது. பிறகு தலையை ஆட்டினார். “எஃப்எம் எண்டா வந்தா வரும், வராட்டி வராது. மீடியம் வேவ் இழுபட்டு இழுபட்டெண்டாலும் வந்து சேரும். பெட்டியக் கொஞ்சம் கிறுகி வைக்கணும், அவ்வளவுதான்.” உள்ளே கிடக்கும் கருப்புக் கம்பியை, பென்சில் மாதிரி இருக்கும் அந்த ஃபெரைட் கோலை, காட்டினார். மத்திய அலைக்கு அதுதான் அன்ரனா. அது நிலையத்துக்குக் குறுக்கே கிடந்தால் குரல் ஓங்கும், முனையைக் காட்டினால் மெலியும். இரவில் இன்னும் தூரத்துக் குரல்கள் வரும். பகலில் அந்த அலையை உறிஞ்சும் வானத்து அடுக்கு இருட்டியதும் கலைந்துவிடுகிறது.

“எங்கட மட்டக்களப்பு வாவி மீனும் றேடியோவில பாடியிருக்கு, தெரியுமா?” என்றார் சிரித்துக்கொண்டு. தெரியும். கல்லடிப் பாலத்தருகே லாங் என்ற யேசு சபைப் பாதிரியார் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிந்த ஓசையை இலங்கை வானொலி ஒலிபரப்பியது. “அதுக்கும் ஆர் பாடினது எண்டு சொல்லித்தான் போட்டிருப்பாங்க.”

இளைஞரின் பெட்டி தயாரானது. ஐயா முள்ளை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓட்டினார். வழுக்கவில்லை. நடுவில் என் பழைய நிலையத்தின் அலைவரிசை வந்தது. ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தது. யாரும் பேசவில்லை. ஒரு மணி ஒலித்தது, அடுத்த பாட்டின் வயலின்கள் தொடங்கின. ஐயா என்னைப் பார்த்தார். என் நாக்கு நுனிவரை படத்தின் பெயர், இசையமைப்பாளரின் பெயர் எல்லாம் வந்து நின்றன. முகப்பிசை எத்தனை செக்கன் என்றுகூடத் தெரியும். சொன்னேன். மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தகரக் கொட்டிலில், பாடகி வாய் திறப்பதற்கு முன் சொல்லி முடித்தேன். இளைஞர் ஐயாவிடம், “இவர் ஆரு மாமா?” என்றார்.

முதுகு மூடியைப் பூட்டப் போன ஐயா நிறுத்தினார். மூடியின் உட்புறத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். பென்சிலால் நாலைந்து வரிகள், நாலைந்து திகதிகள். ஸ்பீக்கர் மாற்றியது, கண்டென்சர் போட்டது, உப்புக் கழுவியது. மேலே இருந்த இரண்டு வரி அவருடைய எழுத்தே அல்ல. அவருக்கு முன் இந்தப் பெட்டியைத் திறந்த யாரோ ஒருவருடையது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அன்றைய திகதியைப் போட்டார். அதற்குப் பக்கத்தில், டயல் நூல், இரண்டரைச் சுற்று.

“மறுகா திறக்கிறவனுக்கு விளங்கணும் மனே” என்று சொல்லி, திருகாணியைப் பூட்டினார்.