காக்கா, தாத்தா ஆகும்போது

மூன்று வயதுப் பிள்ளை காக்காவைத் ‘தாத்தா’ என்றால் வீடு சிரித்து மகிழும். ஐந்து வயதிலும் அதையே சொன்னால் ஸ்பீச் தெரபிஸ்டைத் தேடும். அடிநாக்கு மேலெழுந்து அண்ணத்தின் பின்பக்கத்தைத் தொட வேண்டிய ககரத்துக்குப் பதில், நுனிநாக்கு பல்லடியைத் தொட்டுத் தகரத்தைத் தருகிறது. இன்னின்ன எழுத்து வாயில் இன்னின்ன இடத்தில் பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்து வைத்ததைத்தான், நாக்கை அழுத்தும் தட்டைக் குச்சியும் முகக்கண்ணாடியுமாகப் பேச்சு மொழிப் பயிற்சியாளர் தினமும் செய்துபார்க்கிறார்.

இந்தியாவில் இத்தொழிலுக்கு முறையான கல்வி தந்த முன்னோடிகளில் ஒன்று, 1965இல் மைசூரில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம். நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் கடைசி ஓராண்டு நேரடிப் பயிற்சி. இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்த பிறகே தொழில் செய்யலாம். அந்தக் கழகத்துக்கான சட்டம் 1992இல் வந்தது. காதையும் பேச்சையும் ஒரே பட்டத்தில் சேர்த்துப் படிக்கவைப்பது தற்செயலல்ல. பேச வராத பிள்ளை யாராக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது வாயை அல்ல, காதை.

இதைப் பெற்றோர் எளிதில் ஏற்பதில்லை. “கதவைச் சாத்தினா திரும்பிப் பார்க்குதே, பட்டாசுக்குப் பயப்படுதே” என்பார்கள். உண்மைதான். ஆனால் கதவு அறையும் கனத்த ஓசை கேட்கும் காதுக்கு ‘ஸ்’ போன்ற மெல்லிய, உச்ச ஒலி கேட்காமல் போகலாம். அத்தகைய பிள்ளைக்குப் பேச்சு அரைகுறையாகத்தான் வந்து சேரும். குழந்தையைத் தூங்கவைத்து, மூளைக்குப் போகும் கேட்பு நரம்பின் மின் அலையைப் பதிவு செய்யும் ‘பெரா’ சோதனை அந்த ஐயத்தைத் தீர்க்கும். அதற்காக முந்தைய இரவு பிள்ளையைத் தூங்கவிடாமல் வைத்திருந்து, தானும் கண்விழித்து, காலையில் சிவந்த கண்ணோடு வரும் தாய்மாரைக் கேட்டல் பிரிவின் வராந்தாவில் பார்க்கலாம். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் பயிற்சித் தொடக்கம் என்பது உலகெங்கும் ஏற்ற கணக்கு. நடப்பில் பல பிள்ளைகள் இரண்டு, மூன்று வயதில்தான் வருகிறார்கள். “இவன் தாய்மாமனும் லேட்டாத்தான் பேசினான்” என்ற ஒரு வாக்கியம் எத்தனை மாதங்களைத் தின்றிருக்கும்! வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவிப் பார்த்தது, நாக்கடிச் சவ்வை வெட்டிவிட்டால் பேச்சு வரும் என்று அலைந்தது எல்லாம் முதல் நாள் விசாரணையில் வெளிவரும். நல்ல பயிற்சியாளர் இவற்றைக் கேலி செய்வதில்லை. போன காலத்தை மட்டும் குறித்துக்கொள்வார்.

பயிற்சி அறையில் கருவி என்று பெரிதாக எதுவும் இருக்காது. தாழ்வான மேசை, சொப்புச் சாமான், படச் சீட்டு, ஊதினால் சோப்புக் குமிழி வரும் குப்பி. அந்தக் குப்பியின் மூடியை இறுக்கி மூடிப் பிள்ளையின் கையில் கொடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. திறக்க முடியாது, யாரிடமாவது கேட்டாக வேண்டும். பிள்ளை குப்பியை நீட்டும், முகத்தைப் பார்க்கும், ‘ம்’ என்னும். பயிற்சியாளர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் பாட்டிக்குப் பொறுக்காது. “திறந்து குடுங்க மேடம், பாவம்” என்பார். கேட்பதற்கு முன்பே எல்லாம் கிடைத்துவிடும் வீட்டில் கேட்க வேண்டிய தேவை எழுவதில்லை என்பதைப் பாட்டிக்குப் புரியவைப்பது, பிள்ளைக்குச் சொல் வரவைப்பதைவிடக் கடினம்.

ககரம் வராத பிள்ளைக்கும் பயிற்சி காதில்தான் தொடங்குகிறது. கோணிப் படமும் தோணிப் படமும் முன்னால் இருக்கும்; சொல்வதைக் கேட்டுச் சரியான படத்தைத் தொட வேண்டும். வேறுபாடு காதில் பதிந்த பிறகே நாக்குக்கு வேலை. மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு தானாகப் பின்னே சரியும். நுனியைக் குச்சியால் மெல்ல அழுத்திப் பிடித்தால் ககரம் வெளியே விழும். பிறகு தனி ஒலியிலிருந்து அசைக்கும், அசையிலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து வாக்கியத்துக்கும் படிப்படியாக நகர்வு. ரகரமும் றகரமும் தாமதமாக வருபவை. நான்கு வயதில் அவற்றுக்காகப் பதற வேண்டியதில்லை. ழகரத்தின் கதை தனி. தெற்கே வாளப்பளம் என்பார்கள், சென்னையில் வாயப்பயம் என்பார்கள். அப்படிப் பேசும் பிள்ளை தன் ஊரின் பேச்சைப் பேசுகிறது, அது குறைபாடல்ல. குறையையும் வட்டார வழக்கையும் பிரித்தறியும் காது பாடப்புத்தகத்தில் கிடைக்காது. நாலு ஊர்ப் பேச்சைக் கேட்டுத்தான் வரும்.

ஒலி சரியாக இருந்து மொழி சிக்குவது வேறு வகை. ‘எனக்குப் பசிக்குது’ என்பதற்கு ‘நான் பசிக்குது’, ‘அம்மா வந்தா’ என்பதற்கு ‘அம்மா வந்தான்’ என்று சொல்லும் ஆறு வயதுப் பிள்ளைக்கு வேற்றுமை உருபும் வினைமுற்றும் பிடிபடவில்லை. ஆங்கிலத்துக்கென்று செய்த சோதனைகள் இதைப் பிடிக்காது. அங்கே பன்மை விகுதி விட்டுப்போனால் பிழை. தமிழில் ‘ரெண்டு பேனா’ என்பதில் எந்தக் குற்றமும் இல்லை. பயிற்சி பேச்சுத் தமிழில் நடக்கிறது, பள்ளிப் புத்தகமோ எழுத்துத் தமிழில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கிறது. பள்ளியில் உதவுமென்று வீட்டில் திக்கித் திணறி ஆங்கிலம் பேசும் பெற்றோர் இப்போது அதிகம். இரு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆனால் தங்களுக்கே சரளமில்லாத மொழியில் பெற்றோர் பேசினால் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சு சுருங்கிவிடுகிறது.

ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் “உனக்குத் தண்ணி வேணுமா?” என்றால் “உனக்குத் தண்ணி வேணுமா” என்று அப்படியே திரும்பி வரலாம். வெறும் எதிரொலி போலத் தோன்றும். பல நேரம் அதுவே ‘ஆமாம், வேணும்’ என்பதன் வடிவம். அதனால் கேள்வியாகக் கேட்காமல், பிள்ளை சொல்ல வேண்டிய விதத்திலேயே ‘தண்ணி வேணும்’ என்று சொல்லிக்காட்டுகிறார்கள். பேச்சே எழாதவர்களுக்குப் படச் சீட்டு உண்டு. படத்தைத் தொட்டால் குரல் தரும் செயலியும் உண்டு. ‘ஆவாஸ்’ என்ற செயலி சென்னையில் பிறந்தது. படத்தைக் காட்டிப் பழகிவிட்டால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம் பெற்றோரிடம் வலுவாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை.

பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த பிள்ளைக்கு அறுவைக்குப் பிறகும் காற்று மூக்கு வழியே கசியலாம். மூக்கடியில் சிறு கண்ணாடியைப் பிடித்துப் ‘பாப்பா’ என்று சொல்லச் சொல்வார்கள். கண்ணாடி மங்கினால் கசிவு இருக்கிறது. திக்குவாயில் பயிற்சி பெரும்பாலும் பெற்றோருக்குத்தான். திக்கும் சிறுவர்களில் பெரும்பான்மையோர் தாமாகவே மீண்டுவிடுவார்கள். யார் மீள்வார் என்பது முன்கூட்டித் தெரியாததால் பொறுத்திருந்து கவனிக்கிறார்கள். “மெதுவாப் பேசு, மூச்சு விட்டுப் பேசு” என்று பிள்ளையை நிறுத்துவதைவிட, பெரியவர்கள் தாங்கள் நிதானமாகப் பேசுவது உதவும்.

உட்காதில் கேட்புக் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவைக்குப் பிந்தைய பயிற்சிதான் எல்லாவற்றிலும் நீண்டது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் சிறு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த அறுவையை இலவசமாக்கியிருக்கிறது. அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சில வாரம் கழித்துக் கருவியை இயக்கும் நாளில் உறவினர்கள் செல்போனைத் தூக்கிப் படமெடுக்கக் காத்திருப்பார்கள். பிள்ளையோ பெரும்பாலும் மிரளும், அல்லது அழும். புதிதாகக் கேட்கும் காதுக்கு அன்றுதான் பிறந்தநாள். அங்கிருந்து ஓராண்டுக்கு மேல் வாரந்தோறும் பயிற்சி. ஒவ்வொரு காலையும் ‘ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ்’ ஆகிய ஆறு ஒலிகளைச் சொல்லிச் சோதிப்பார்கள். கேட்டல் பயிற்சி வல்லுநர் டேனியல் லிங் வகுத்த இந்த ஆறும் பேச்சொலியின் அடி முதல் உச்சி வரை தொடுபவை. எது கேட்கவில்லை என்பதை வைத்துக் கருவியின் கோளாறைக் கண்டுகொள்ளலாம். பயிற்சியாளர் எதிரே அமராமல் பக்கத்தில் அமர்கிறார், உதட்டைப் பார்த்துப் பிள்ளை ஊகித்துவிடக் கூடாதென்று. உண்மையான மாணவி தாய்தான். பால் காய்ச்சும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது என்ன பேச வேண்டும் என்பது அவர் நோட்டில் எழுதப்படுகிறது. வெளியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் இருந்துவிட்டுத் திரும்பும் தாய்க்கு அந்த நோட்டுதான் அந்த வாரத்தின் பயிற்சியறை.

பயிற்சியாளரின் நாள் தரையில் கழிகிறது. முழங்கால் வலியும் தொண்டைக் கட்டும் இத்தொழிலோடு வருபவை. குரல் நலத்தைப் போதிப்பவர்களே குரலை அதிகம் தேய்த்துக்கொள்கிறார்கள். ஒரு பிள்ளை போனதும் அடுத்தது, இடையில் குறிப்பேடு. முன்னேற்றம் ‘இன்று மூன்று முறை கண்ணைப் பார்த்தான்’ என்ற அளவில் பதிவாகும். ‘இன்னும் பேசலையே’ என்று கேட்கும் தந்தையிடம் அந்த மூன்றை விளக்குவதும் வேலைதான்.

அறைக்குள் பத்துக்குப் பத்து முறை சரியாகக் ‘காக்கா’ சொன்ன பிள்ளை, வெளியே செருப்பை மாட்டிக்கொண்டே மதில்மேல் பார்த்து “அம்மா, தாத்தா!” என்று கைகாட்டும். அதனால் அறையின் கணக்கை வைத்து யாரையும் விடுவிப்பதில்லை. வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும், யாரும் திருத்தாதபோது, ககரம் தானாக வருவதைத் தாய் வந்து சொல்ல வேண்டும். அதன் பிறகும் சில மாத இடைவெளியில் ஒருமுறை வரச்சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கோப்பை மூடுகிறார்கள்.