நிலவாசல்

அங்காராவிலிருந்து கிழக்கே காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கோதுமை அறுத்த தாள்கள் வெயிலில் மின்னும் மேடுபள்ளங்களைத் தாண்டினால் போவாஸ்காலே என்ற சிற்றூர். அதற்கு மேலே, மலைச்சரிவு முழுக்கப் பரந்து கிடக்கிறது ஹத்துசா. எகிப்தோடு சரிக்குச் சரி நின்ற ஹிட்டைட்டுகளின் தலைநகர்.

உயர்ந்த தூண்களை எதிர்பார்த்துப் போனேன். முழங்கால் உயர அடித்தளக் கற்கள்தாம் வரிசை வரிசையாக நின்றன. மேலே எழும்பியிருந்த சுடாத மண்செங்கல்லும் மரமும் மழையிலும் நெருப்பிலும் போய்விட்டன. ஆனால் களிமண்ணில் எழுதியது போகவில்லை! இந்த மண் இதுவரை தந்த எழுத்துப் பலகைகளும் துண்டுகளும் சுமார் 30,000. 1906-இல் ஹூகோ விங்க்ளர் தோண்டியபோது ஒரு பலகை கிடைத்தது. ஹிட்டைட் மன்னர் மூன்றாம் ஹத்துசிலியும் எகிப்தின் இரண்டாம் ராம்சேசும் கி.மு. 1259 வாக்கில் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கை. அதன் எகிப்தியப் பிரதி கர்னாக் கோயில் சுவரில் ஏற்கெனவே இருந்தது. இரு தரப்பு ஓலையும் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தபோது மெய் சிலிர்த்தது.

சிங்க வாசலைக் கடந்து, நகரின் தென்கோடியில் யெர்கப்பி மேட்டுக்கு வந்தேன். 'நிலவாசல்' என்று பொருள். மலைபோல் குவித்த மண்ணுக்கு அடியில் சுமார் 70 மீட்டர் நீளச் சுரங்கம். இருபுறமும் பெருங்கற்களைச் சாய்த்து அடுக்கி, உச்சியில் ஒன்றோடொன்று முட்டவிட்டிருக்கிறார்கள். சாந்து இல்லை. அத்தனை மண்பாரத்தையும் 3,000 ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சாய்வு ஒன்றே தாங்குகிறது. உள்ளே குளிர். கல்லில் உள்ளங்கையை வைத்தேன். எடுக்க மனம் வரவில்லை.

அகழாய்வாளர்கள் நூறாண்டுக்கு மேலாக நடமாடிய வழி இது. அப்படியும் 2022-இல்தான் ஒருவர் கண்ணில் பட்டது: சுவர்க் கற்களில் செம்பழுப்புச் சாயத்தால் தீட்டிய சித்திர எழுத்துகள், மொத்தம் 249. செதுக்கியவை அல்ல, தூரிகை போன்ற ஏதோ ஒன்றால் கையெழுத்தாக எழுதியவை.

கைபேசி விளக்கை ஏற்றி ஒவ்வொரு கல்லாகத் தடவிப் போனேன். பல இடங்களில் பாசியும் ஈரமும்தான். பாதி வழியில், என் தோள் உயரத்தில், மங்கலாக ஒரு கோடு. அதிலிருந்து பிரியும் இன்னொரு கோடு. எழுத்தா, கல்லின் இயல்பான கறையா? விளக்கை அணைத்தேன், மறுபடி ஏற்றினேன். அது அங்கேயே இருந்தது.