கடலடியில் மூன்று நிமிடங்கள்

"மாமா, இதைத் திறக்க வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் என் லாத்தா மகன் படகின் முன்புறம் சென்றான். லென்ஸில் ஏதோ தூசி இருப்பதுபோல் தோன்றவே, நான் திறந்தேன், துடைத்தேன், மூடினேன்.

மாலத்தீவின் மாஃபுஷி தீவில், கடலில் மூழ்குவோருக்குப் பயிற்சியளிக்கும் பணியில் இருக்கிறான் அவன். மதரஸா விடுமுறையில் காணச் சென்ற என்னையும் சில நாட்கள் பயிற்றுவித்து, காற்று உருளையை முதுகில் கட்டிக் கடலுக்குள் இறக்கிவிட்டான். நாற்பது வயதைக் கடந்தபின் மாணவனாவதும் ஒரு சுகந்தான். மீசை வழியே முகமூடிக்குள் நீர் கசிந்துகொண்டே இருந்தது ஒன்றுதான் தொல்லை.

நீருக்கடியில் படமெடுக்கும் கேமராவை ஒரு காப்புப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். அந்தக் கனத்த பெட்டியில் கடலைத் தடுத்து நிறுத்துவது, மூடியின் பள்ளத்தில் பதிந்திருக்கும் 'ஓ ரிங்' என்னும் மெல்லிய ரப்பர் வளையமே. அதன்மீது ஒரு மணல் துகளோ முடியோ கிடந்தால் போதும். நீர் வழி கண்டுபிடித்துவிடும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, கசிவை முன்னரே சோதித்துக்கொள்ளும் வசதி சில பெட்டிகளில் உண்டு. இதில் இல்லை.

சுமார் 14 மீட்டர் ஆழத்தில் ஓர் ஆமையைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் ஓரத்திலிருந்து சிறு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. உள்ளே பார்த்தால், அடியில் நீர் ஆடிக்கொண்டிருக்கிறது! என் கால்கள் தாமாகவே மேல்நோக்கி உதைக்கத் தொடங்கின. அவன் என் கையைப் பற்றி இழுத்து நிறுத்தினான். கேமராவை வாங்கி அணைத்தான். கண்ணாடி முகப்பு கீழ்நோக்கும்படி பெட்டியைத் திருப்பினான். புகுந்த நீர் முகப்பில் தேங்கட்டும், கேமராவின் உடலுக்கு எட்டாதிருக்கட்டும் என்பதற்காக. பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினான்: மெதுவாக.

மன்னார் வளைகுடாவில் கல்லைப் பற்றி இறங்கி முத்துக்குளித்தவர்கள், மேலே இழுத்த ஒரே மூச்சோடு சென்று அதே மூச்சோடு விரைந்து திரும்பினர். நாங்களோ ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தோம். 10 மீட்டரில் நுரையீரலை நிறைத்த காற்று, நீர்மட்டத்தில் இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு பதறி ஏறுபவனின் நுரையீரலே கிழியக்கூடும். ஆகவே விடாமல் சுவாசித்தபடி நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடங்கள் நின்றோம். அந்த மூன்று நிமிடங்களும் முகப்புக் கண்ணாடியில் நீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஈராண்டுகள் சேமித்து வாங்கிய கேமரா அது. அவனோ பெட்டியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படகில் ஏறியதும் பெட்டியைத் துடைத்து, முகப்பைக் கீழ்நோக்கியே பிடித்துத் திறந்தான். மின்கலத்தையும் படம் பதியும் அட்டையையும் எடுத்தான். கேமரா நன்றாகவே நனைந்திருந்தது. அதன்மீது குடிநீரை ஊற்றிக் கழுவத் தொடங்கியதும் நான் பதறிவிட்டேன். உப்பு தங்கினால் உள்ளே அரித்துவிடும், நல்ல நீரே மேல் என்றான். எனினும் அது உயிர் பெறவில்லை. அட்டை பிழைத்தது; ஆமை அழகாகவே விழுந்திருக்கிறது.

பிறகு ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தான். பாதி நரைத்த ஒரு முடியை எடுத்துக் காட்டினான். இருபத்தாறு வயதுக்காரனின் தாடியில் நரை ஏது?

"பரவாயில்லை மாமா" என்றான். பாதி விலையை நான் கொடுப்பதென்றும், லாத்தாவுக்குச் செய்தி போகக்கூடாது என்றும் உடன்பாடு ஆயிற்று. (அவர்கள் இதை இவ்விதழில்தான் படிக்கப் போகிறார்கள்!)

மறுநாள் வளையத்தைக் கழுவி உலர்த்தி, வெறும் பெட்டியை என் முன் வைத்தான். உள்ளே ஒரு மெல்லிய காகிதம் மட்டும்; கசிந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். "நீங்களே மூடுங்கள் மாமா" என்றான். தாடியைத் துண்டால் கட்டிக்கொண்டு, வளையத்தை முழுச்சுற்றும் இருமுறை தடவிப் பார்த்து மூடினேன். அரைமணி நேரம் கழித்து மேலே வந்து திறந்தபோது காகிதம் உலர்ந்தே இருந்தது.