உருட்டினால் என்ன?

அலங்காநல்லூர்க்காரி கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். காணும் பொங்கலன்று வாடிவாசலில் காளை சீறி வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சும்மா கிடக்கும் ஒரு வெள்ளைப் பந்தை அடிக்க, நாலு பெரிய மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை முதலில் பார்த்தபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் என் வீட்டுக்காரருக்கு அது உயிர். உத்தியோக காலத்தில் பழகிய ஆட்டம். ஓய்வு பெற்ற பிறகும் வாடிப்பட்டி, வத்தலக்குண்டு வழியாக மலையேறி, கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் ஒரு சிநேகிதரோடு ஆடிவிட்டு வருவார். 1895-ல் ஏற்பட்ட கிளப் அது. சில நாள் காட்டெருமைகள் வந்து சாவகாசமாக மேயும். அவை நகரும் வரை யாராயிருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்!

மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, வலது மணிக்கட்டு மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. தூரத்து அடி குறைந்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். குழி இருக்கும் இடத்தைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி ஜமக்காளம் மாதிரி வைத்திருப்பார்களே, 'கிரீன்' என்று, அதன் விளிம்புக்கு வந்த பிறகுதான் சங்கடம். அங்கிருந்து பந்தைத் தூக்கிப் போட 'சாண்ட் வெட்ஜ்' என்ற மட்டையை எடுப்பார். மணிக்கட்டு சற்றுப் பிசகினால் மண் பெயரும், பந்து அசையாது. அடுத்த முறை பந்து விர்ரென்று கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடும்.

ஒரு நாள் திரும்பி வந்ததும் பையைத் திண்ணையில் சாய்த்துவிட்டு, "இதை யாருக்காவது கொடுத்திடு" என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. வைத்தியரோ, தினமும் நடப்பதை நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஆட்டம் போனால் நடையும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

மலையில் அவருக்குப் பை சுமக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்: "அம்மா, ஐயாவைத் தூக்கச் சொல்லாதீங்க. உருட்டச் சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தால் நம் சமையலறைக் கணக்குத்தான். பாயசத்துக்குக் குழிக்கரண்டி, தோசைக்குத் திருப்பி. மட்டையின் முகம் எவ்வளவு மல்லாந்திருக்கிறதோ, அவ்வளவு உயரம் பந்து எழும்பும். சாண்ட் வெட்ஜுக்குச் சாய்வு சுமார் 56 டிகிரி. எழும்பி விழுந்து சீக்கிரம் நிற்கும். ஏழாம் நம்பர் இரும்பு மட்டைக்கு முப்பது சொச்சந்தான். ஒரு பங்கு பறந்தால் ஏறக்குறைய மூன்று பங்கு உருளும். இதற்கு மணிக்கட்டை மடக்க வேண்டாம். தோளை மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆட்டினால் போதும். நடுவில் மணல் குழியோ மேடோ இருந்தால்தான் தூக்கியாக வேண்டும். ஜீன் சாரசென் என்ற அமெரிக்கர், 1932-ல் பிரிட்டிஷ் ஓப்பனை ஜெயித்தபோது கொண்டுபோன சாண்ட் வெட்ஜ், பெயருக்கேற்ப மணலுக்காக அவர் செய்தது.

மறுநாள் காலை களத்தில் பழைய ஜமக்காளத்தை விரித்துப் பந்தை வைத்தேன். நாலு தப்படி தள்ளிக் கோலப் பொடியால் ஒரு வட்டம் போட்டேன். "ஏங்க, குழியைப் பார்க்காதீங்க. இந்த வட்டத்தில் விழட்டும், மீதியை அது உருண்டு பார்த்துக்கும்" என்றேன்.

"அது கத்துக்குட்டி அடிக்கிற அடி" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதிதி அசோக் என்ற நம் நாட்டுப் பெண் நாலாவதாக வந்தாளே, அவள் என்ன தூரத்து அடியை நம்பியா வந்தாள்? குறி பார்த்து வைக்கும் சின்ன அடிதானே அவள் பலம்? அங்கே அவளுக்குப் பை சுமந்தது பெற்ற தாயார்! இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏழாம் நம்பரை எடுத்தார்.

பத்துப் பந்தில் ஆறு வட்டத்துக்குப் பக்கத்தில் விழுந்தன. ஒன்று வைக்கோற்போருக்குள் போயிற்று; இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் மலைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கிரீன் விளிம்பில் பந்து நின்றதும், கை பழக்கத்தில் வெட்ஜைத் தொட்டது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்ப்பது போல் நின்றுகொண்டேன். ஏழாம் நம்பர் வெளியே வந்தது. பந்து தாழப் பறந்து, விழுந்து, நிதானமாக உருண்டு, குழிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

வீடு திரும்பும்போது, "அந்த வெட்ஜை யாருக்காவது கொடுத்துடலாமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஏன், நான் மணலில் விழவே மாட்டேனா?" என்றார்.