ஹைதராபாத்தில் ஒரு நவாப் வீட்டுச் சொத்து

நாலு பீங்கான் பொம்மைகளை ஷோகேஸில் வைத்துக்கொண்டு தூசி தட்ட முடியாமல் நாம் திண்டாடுகிறோம். ஒரே குடும்பம் மூன்று தலைமுறையாக 40,000-க்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்தது என்றால் மலைப்பாக இல்லையா, சகோதரிகளே? ஹைதராபாத் ஸாலார்ஜங் மியூசியத்தில் அதைக் கண்ணாரப் பார்த்தேன். நான், என் கணவர், நாத்தனார் மூவரும் அம்பத்தூரிலிருந்து கட்டுசாதத்தோடு கிளம்பினோம். ஓர் இரவு ரயில் பயணம்தான்.

ஐரோப்பியப் பகுதிக்குள் போனால், அப்பப்பா! 17, 18-ம் நூற்றாண்டுகளில் அங்கே 'பரோக்' என்று ஒரு பாணி இருந்ததாம். எதையும் நேராகவே விடமாட்டார்கள். வளைவு, சுருள், அதன்மேல் தங்க முலாம். ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருக்கும். அந்த மோகம் விடாத நாற்காலிகளும் கண்ணாடிகளும் இங்கே நிறைய. ஜெர்மனியில் 1710-ல் தொடங்கிய மைசன் பீங்கான் வகையும் உண்டு. எனக்கென்னவோ தங்க முலாம் கொஞ்சம் திகட்டியது.

திகட்டாதது 'முகத்திரை ரெபெக்கா'. பென்ஸோனி என்ற இத்தாலியச் சிற்பி செதுக்கிய மணப்பெண். முகத்தை மூடிய மெல்லிய துணி, நனைந்து ஒட்டியதுபோல் இருக்கிறது. துணியும் பளிங்கு, முகமும் பளிங்கு! 1876-ல் ரோமில் இதை வாங்கியவர் நிஜாமின் திவானாக இருந்த முதலாம் ஸாலார் ஜங்.

அவருடைய பேரன்தான் பெரும்பகுதியைச் சேர்த்த மூன்றாம் ஸாலார் ஜங். 1889-ல் பிறந்தார், அதே வருஷம் தகப்பனார் போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1949-ல் காலமானார்.

"சொந்தக்காரங்க பங்கு கேட்டிருப்பாங்களே, அண்ணி?" என்றாள் நாத்தனார். எங்கள் மாமியாரின் வெண்கலப் பானையும் குத்துவிளக்கும் யாருக்கு என்ற பேச்சு வீட்டில் இன்னும் முடியவில்லை. அவள் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

நவாபின் மாளிகையிலேயே 1951-ல் நேரு மியூசியத்தைத் திறந்து வைத்தார். பிறகு 1958-ல், ஹைகோர்ட் மூலம் ஒப்பந்தம் செய்து, குடும்பத்தார் அத்தனையையும் சர்க்காருக்கே கொடுத்துவிட்டார்கள். பங்கு பிரித்திருந்தால் ரெபெக்கா ஒரு வீடு, நாற்காலி ஒரு வீடு என்று போயிருக்கும். இதைச் சொன்னேன். நாத்தனார் பதில் பேசவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "பானை உங்ககிட்டயே இருக்கட்டும், விளக்கைப் பத்தி ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றாள்.

போகிறவர்கள் பன்னிரண்டு மணிக்கு முன்பே இசைக் கடிகாரத்தின் எதிரில் இடம் பிடித்துவிடுங்கள். குட்டி மனிதன் ஒருவன் வெளியே வந்து பன்னிரண்டு தரம் மணி அடிப்பான். வெள்ளிக்கிழமை விடுமுறை. கைத்தடிகள் இருக்கும் பக்கம் கணவரைத் தனியாக விடாதீர்கள். இவரை அங்கிருந்து கிளப்பவே அரைமணி ஆயிற்று.