பதினைந்து வயதுக்கு ஓர் இடம்

எங்கள் கிளை நூலகத்துக்குள் நுழைந்தால் இடப்பக்கம் சிறுவர் பகுதி. குட்டி நாற்காலிகள், சுவரில் யானையும் மயிலும், கையெட்டும் உயரத்தில் படக்கதைப் புத்தகங்கள். வலப்பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். குரூப் 4, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு என்று, நான் பூட்டைத் திறக்கும் முன்பே வாசலில் வந்து நிற்பார்கள். நடுவில் இருக்கும் நீள மேசை நாளிதழ் வாசிக்க வரும் பெரியவர்களுக்கு. இதில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்தால் எங்கே உட்காரும்? குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்கும். தேர்வுக்காரர்கள் பக்கம் போனால் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஏழாம் வகுப்பு வரை வாராவாரம் புத்தகம் மாற்ற வந்தவர்கள் எட்டில் குறைந்து, ஒன்பதில் அறவே நின்றுபோவதை நூலகராகச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துவருகிறேன். படிப்புச் சுமை, செல்போன் என்று காரணம் சொல்லிக்கொள்வோம். அவையும் உண்மைதான். ஆனால் அந்த வயதுக்கென்று நாம் ஒரு பெஞ்சுகூடப் போட்டு வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு கூடலை நடத்திவருகிறேன். எங்களுக்கு வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருப்போம். அன்று பள்ளிக்கூடமும் இருக்காது. இதற்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தில், மாணவர்களிடையே வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பது நோக்கம் என்று குறிப்பிட்டிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் மனதுக்குள் இருந்த காரணம் வேறு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் பெரியவளான பிறகு தெருவில் விளையாடுவது நின்றுபோனது. தம்பி கிரிக்கெட் ஆடிவிட்டு விளக்கு வைத்த பிறகு புழுதிக் காலோடு வருவான். எனக்கு டியூஷன், கோயில் இரண்டுதான். இரண்டுக்கும் அம்மாவோ சித்தியோ துணைக்கு வருவார்கள். “லைப்ரரிக்குப் போய்ட்டு வரேம்ப்பா” என்றால் மட்டும் அப்பா ஒன்றும் கேட்கமாட்டார். அதனால் போனேன். வாசிக்கிற ஆசை இருந்தது. அதைவிட, யாருடைய கண்ணும் படாமல் ஒரு மணி நேரம் இருக்கிற ஆசை பெரிதாக இருந்தது. அங்கே இருந்த நூலகர் ஒருநாள் என் உறுப்பினர் படிவத்தைப் பார்த்துவிட்டு, “கையெழுத்து நல்லாருக்கேம்மா, போர்டுல எழுதறியா?” என்று சாக்பீஸை நீட்டினார். வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் ஒரு குறள், அதன் கீழே புதிதாக வந்த புத்தகங்களின் பெயர்கள். நான் வண்ணச் சாக்பீஸில் கரை போட்டேன். பிறகு ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் படம். நாளிதழ் வாசிக்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்கு மதிப்பெண் இல்லை, பரிசு இல்லை, “பாப்பா என்ன ரேங்க்?” என்ற கேள்வி இல்லை. அந்த வயதில் நான் முழு மனதோடு செய்த ஒரே காரியம் அதுதான். அந்தக் கரும்பலகை மாதிரி ஒன்றை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் காரணம்.

வந்தவர்களிடம் என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு முதலில் வந்த பதில், காமிக்ஸ். எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய காலத்திலிருந்து சேர்த்துவைத்திருப்பவர். 1984இல் வந்த லயன் காமிக்ஸும் அவரிடம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய இதழ்களைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். சிவகாசியிலிருந்து இப்படியெல்லாம் வந்ததா என்று பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். கட்டத்துக்குள் எதை வரைவது, எதை வரையாமல் விடுவது, அடி விழும் சத்தத்தை எப்படி எழுத்தில் கொண்டுவருவது என்று இதழ்களைப் புரட்டிப் புரட்டி அவர்களே கண்டுபிடித்தார்கள்.

எங்களிடம் பணம் கிடையாது. 1,000 ரூபாய் கொடுத்து நூலகத்துக்குப் புரவலராகச் சேர்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பணத்தை நான் நினைத்தபடி எடுத்துச் செலவு செய்ய முடியாது. அதனால் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒருபக்கம் வீணான ஏ4 தாள்களை வாங்கி வைத்துக்கொண்டோம். ஒரே தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் செய்யலாம். தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, விரித்து, பிறகு அகலவாக்கில் இருமுறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழும். மறுபடி அகலவாக்கில் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் அடுத்த மடிப்பு வரை மட்டும் கத்தரிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நூல்கூடப் போகக் கூடாது. விரித்து நீளவாக்கில் மடித்து இரண்டு ஓரத்தையும் உள்நோக்கித் தள்ளினால், நடுவில் வெட்டிய இடம் வாய் திறந்து, பக்கங்கள் தாமாக ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்காரும். தையல் வேண்டாம், பசை வேண்டாம். எழுதி முடித்த பிறகு பிரித்தால் மறுபடி ஒரே தாள்; ஒரு ஜெராக்ஸ் எடுத்தால் இன்னொரு பிரதி தயார். பிரித்துப் பார்க்கும்போது மேல்வரிசைப் பக்கங்களெல்லாம் தலைகீழாக இருப்பதைக் கண்டு அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது உள்ளே தேர்வுக்காரர்கள் வரை கேட்டது.

அதில் ஒரு சிக்கலும் வந்தது. உள்ளே இருந்து ஒரு தம்பி எழுந்து வந்து, “மேடம், அடுத்த மாசம் எனக்கு எக்ஸாம்” என்றார். அவர் சொன்னது நியாயம். ஒரு வேலை கிடைத்தால் அவர் குடும்பமே நிமிரும். நாங்கள் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு இடம் மாறினோம். இன்றுவரை அங்கேதான் இருக்கிறோம். மழை பெய்தால் சாரல் அடிக்கும், வைகாசியில் தளம் கொதிக்கும். ஓர் ஊர் நூலகம் இந்த இரண்டு கூட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கவே கூடாது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

பிள்ளைகள் செய்த புத்தகங்களைச் சேர்ப்புப் பதிவேட்டில் ஏற்ற முடியாது. தனியாக ஒரு நோட்டுப் போட்டு, எண் கொடுத்து, ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி இரவல் தருகிறோம். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்கத் தயங்கும் பையன் ஒருவன், தன் புத்தகத்தை யார் எடுத்துப் போனார்கள் என்று வாராவாரம் அந்த நோட்டை வந்து பார்ப்பான்.

காமிக்ஸ் தவிர வேறும் செய்கிறோம். தாழ்வாரத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, புலிக்குப் புளியங்கொட்டை, ஆட்டுக்குச் சோழி. சிக்குக் கோலம் ஒருநாள். பையன்கள்தான் அதிகம் தடுமாறினார்கள், அவர்கள்தான் எழுந்து போகவும் மனமில்லாமல் இருந்தார்கள். கைப்பேசியில் பாட்டிமார் சொல்லும் கதைகளைப் பதிவு செய்து வந்து எழுதினார்கள். கரிசல் காட்டில் கி. ராஜநாராயணன் இப்படித்தான் வாய்வழிக் கதைகளைத் தேடித் தேடித் திரட்டினார் என்று சொன்னேன். ஒரு பெண் அவருடைய தொகுப்பை அன்றே எடுத்துப் போனாள். ஆடுபுலிக்கு மட்டும் வரும் ஒரு பையன் இதுவரை ஒரு புத்தகமும் எடுத்ததில்லை. அவன் வருகையை நான் குறைவாக மதிப்பதில்லை. விளையாட்டைத் தூண்டிலாக வைத்துப் புத்தகத்தில் மாட்டுவது அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். தெரிந்தால் மறுவாரம் வரமாட்டார்கள்.

ரங்கநாதனை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவர் 1892இல் பிறந்த சீர்காழி எங்கள் ஊரிலிருந்து ஒரு பேருந்துத் தூரம்தான். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே ஒரு பெரிய அங்காடியில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே சில துண்டுகளை வெவ்வேறு விதமாக மாட்டி வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். 1933இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு விதை அந்தப் பொம்மையில் இருந்தது. நூலக அறிவியலின் தந்தை என்று யாரை வணங்குகிறோமோ, அவருக்கே ஒரு விளையாட்டுச் சாமான் வழி திறந்திருக்கிறது. தாழ்வாரத்தில் புளியங்கொட்டையும் சோழியும் எதற்கு என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இருந்த உழைப்பும் அவருடையதுதான். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படுகிறது; இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆக, ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும் குடும்பத்துப் பெண்ணும் இந்தக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவள்தான். அவள் இங்கே வந்து உட்காருவது நாம் காட்டும் சலுகை ஆகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தூண் ஓரமாக நின்று, “அக்கா, நான் ஒண்ணும் வரையல. இங்க சும்மா உட்கார்ந்துக்கலாமா?” என்று கேட்டாள். உட்காரச் சொன்னேன். நான்கைந்து வாரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் பேசுவதைக் கேட்பாள், கத்தரிக்கோல் எடுத்துக் கொடுப்பாள், ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள். அவளை நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் வருகிறாள் என்று எனக்குத் தெரியும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. பையன்களுக்குக் குளத்தங்கரை இருக்கிறது, திடல் இருக்கிறது, டீக்கடை பெஞ்சு இருக்கிறது. பெண்களுக்கு வீட்டில் காரணம் சொல்லாமல் போய்வர இருக்கும் ஒரே பொது இடம் நூலகம். கூடல் நேரத்தை மூன்றிலிருந்து ஆறு வரை என்று வைத்தது அதனால்தான். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். ஓர் அம்மா வந்து, “படிக்கத்தானே அனுப்பிச்சோம், இங்க ஆட்டம் ஆடுதுங்களே” என்று கேட்டார். “வாரம் பூரா படிக்குதுங்கம்மா, மூணு மணி நேரம் இங்க இருக்கட்டுமே. நான் கூடவேதான் இருக்கேன்” என்றேன். அரை மனதோடு போனார். மறுவாரம் மகள் வந்தாள். எனக்கு அது போதும்.

போட்டி வைக்கச் சொல்லிப் பலர் வருகிறார்கள். ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, முதல் மூன்று பேருக்குக் கேடயம், மேடையில் ஊர்ப் பிரமுகர். அன்போடுதான் சொல்கிறார்கள். நான் மறுத்துவிடுகிறேன். முதல் மூன்று இடம் என்றதும் மீதிப் பேர் வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆகிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு அது போதுமான அளவு நடக்கிறது. பதிலுக்குத் தாள், கத்தரிக்கோல், ஸ்கெட்ச் பேனா வாங்கித் தரச் சொல்கிறேன். சிலர் தருகிறார்கள்.

சிகாகோவில் ஹெரால்ட் வாஷிங்டன் நூலகத்தில் 2009இல் பதின்வயதினருக்கென்றே ‘யூமீடியா’ என்ற பகுதியைத் திறந்தார்கள். இசைப்பதிவுக் கருவியும் கேமராவும் கணினியும் பிள்ளைகள் கைக்கே கொடுத்தார்கள். அவ்வளவு கருவிகள் எங்களுக்கு உடனே வேண்டாம். ஆனால் அங்கே அந்த வயதுக்கென்று தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்களே, அது வேண்டும். நம் மாநிலத்தில் 2010இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தன. குழந்தைகளுக்கு அங்கே அழகான பகுதிகள் உண்டு. பெரிய நகரத்தில் கட்ட முடிந்ததன் சிறு வடிவம் கிளை நூலகத்துக்கும் வரலாம். இனி எந்த ஊரில் நூலகக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டாலும், எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ளவர்களுக்கு ஓர் அறை வேண்டும். கதவு சாத்தினால் சத்தம் வெளியே போகாத அறை, பெரிய மேசை, பெண்களுக்குக் கழிப்பறை. இந்த மூன்றையும் எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன். வாசகர் வட்டத்துப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டார்கள், அந்தப் போட்டித் தேர்வுத் தம்பியும் போட்டார். நான் மாறுதலில் வேறு ஊர் போக நேரலாம் என்பதால் அட்டைப்பெட்டியையும் நோட்டையும் பதினோராம் வகுப்புப் பெண்கள் இருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். இப்போது இரவல் நோட்டில் கையெழுத்து வாங்குவதும், எட்டு மடிப்பைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள்தான்.