அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த கதை

2023 நவராத்திரியின் இரண்டாம் நாள், திங்கட்கிழமை. கொல்கத்தா நியூ டவுனில் அலுவலகம் முடிந்து காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். நார்கேல்பாகான் சந்திப்பில் சிவப்பு விளக்கு. தலைக்கு மேலே பிஸ்வ பாங்ளா கேட்டின் பெரிய வளையம், சாலையோரக் காலி மனைகளில் காஷ் பூ, எந்தப் பக்கம் திரும்பினாலும் பூஜை அலங்காரம். பக்கத்து இருக்கையில் போன் ‘டிங்’ என்றது. மயிலாடுதுறையிலிருந்து அம்மா கொலுப் படம் அனுப்பியிருந்தாள். மூன்றாம் படியில் புதிதாக ஒரு செட்டியார் பொம்மை. தொந்தியும் தராசுமாக, முன்னால் அரிசியும் பருப்பும் குவித்து உட்கார்ந்திருந்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை விழுந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை போனில். “சூப்பர் மா” என்று தட்டிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

ஐம்பது அடி போயிருக்க மாட்டேன், போக்குவரத்துப் போலீஸார் கையைக் காட்டி ஓரம்கட்டச் சொன்னார்கள்.

எனக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு பையன் ஓரமாக நின்றிருந்தான். முதுகில் சதுரமான உணவுப் பை, வண்டியின் கைப்பிடியில் கிளிப் போட்டு மாட்டிய போன். அந்தத் திரையில் ஏதோ தட்டியபடி வந்ததற்காக அவனை நிறுத்தியிருந்தார்கள். ஆக, இரண்டு பேருக்கும் ஒரே குற்றம்.

அவனிடம் கேட்டார்கள். “ஆர்டர் தேக்சிலாம்” என்றான். ஆர்டர் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். உள்ளதைச் சொன்னான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பிறகு அதிகாரி என் கண்ணாடிப் பக்கம் வந்தார். “போன் தேக்சிலேன், மேடம்?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் தயாராகிவிட்டது. “மேப் பார்த்தேன் சார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், வழி தெரியவில்லை.” பாதி ஆங்கிலம், பாதி வங்காளம். குரல்கூடக் கொஞ்சம் நடுங்கியது. அந்த நடுக்கம் நிஜம்தான், காரணம்தான் பொய்.

ஏன் ‘மேப்’ என்றேன்? எனக்குச் சட்டம் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, வண்டி ஓட்டும்போது கையில் போன் பிடிப்பதை அபாயகரமாக ஓட்டும் குற்றங்களில் ஒன்றாகச் சொல்கிறது. முதல் முறை என்றால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் 2020 அக்டோபரில் மத்திய அரசின் விதிகளில் ஒரு சலுகை வந்தது: கவனம் சிதறாத வகையில், வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம். செய்தித்தாளில் அதை வரி விடாமல் படித்து வைத்திருந்தேன். அது எதற்குப் பயன்பட்டது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். “ஜாக்கிரதையாகப் போங்கள், அம்மாவுக்குச் சரியாகிவிடும்” என்று ஆறுதலும் சொல்லி அனுப்பினார். நான் சொன்னதை நம்பியது அவர் குற்றமில்லை. தாயார் ஆஸ்பத்திரியில் என்று ஒரு பெண் குரல் நடுங்கச் சொன்னால் நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

கண்ணாடியை ஏற்றப் போகும்போது அந்தப் பையன் கையில் சீட்டோடு என் கார் ஓரமாகத் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். சக குற்றவாளி என்று நினைத்திருப்பான் போல. “கேஸ் கேயேச்சி, தீதி” என்றான். நாம் ‘ஃபைன் கட்டினேன்’ என்கிறோம். இங்கே ‘கேஸ் சாப்பிட்டேன்’ என்பார்கள். சீட்டில் இருந்த தொகை நான்கு இலக்கம். “தூ தின் கேலோ” என்றான். இரண்டு நாள் போச்சு. இரண்டு நாள் சம்பாத்தியத்தைத்தான் அப்படிச் சொன்னான்.

அவன் திரையில் ஆர்டரோடு முகவரியும் இருந்திருக்கும். அதற்குப் போகும் வழியும் இருந்திருக்கும். ‘மேப் பார்த்தேன்’ என்று சொல்ல என்னைவிட அவனுக்குத்தான் உரிமை இருந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பொம்மை பார்த்தவள் தப்பினேன், பிழைப்பைப் பார்த்தவன் மாட்டினான்.

இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன், வேடிக்கை போலத்தான் ஆரம்பித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “ஏண்டி, நான் இங்க சுண்டலுக்குத் தாளிச்சிட்டிருக்கேன், நீ என்னை ஆஸ்பத்திரியில படுக்க வெச்சியா? நாளும் கிழமையுமா?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அந்தப் புள்ளைக்கு நீ ஏதாவது கொடுத்தியா?” என்று கேட்டாள். இல்லை. கைப்பையில் பணம் இருந்தது. கொடுத்தால் என் பொய் அவனுக்குத் தெரிந்துவிடும் என்ற பயமும் இருந்தது.

அதுவரை அபராத விஷயத்தில் நான் பெரிய நியாயஸ்தி. 2019 செப்டம்பரில் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தபோது, சாதாரண மக்களால் தாங்க முடியாது என்று சொல்லி மேற்கு வங்க அரசு அவற்றை ஏற்கவில்லை. 2022 ஜனவரியில்தான் இங்கே தொகைகள் உயர்ந்தன. அலுவலக கேன்டீனில் அதைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. “முதலில் போலீஸ்காரர்களைப் பிடிக்கட்டும்” என்பேன். 2019 திருத்தம் அதையும் யோசித்திருக்கிறது. சட்டத்தை அமல்படுத்த வேண்டியவரே மீறினால் 210பி பிரிவின்படி அவருக்கு இரட்டிப்பு அபராதம். பாரபட்சம் என்றால் மேலே இருப்பவர்கள் செய்வது என்றே நினைத்திருந்தேன். அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு, அதில் நானும் ஒருத்தி என்பது நார்கேல்பாகானில்தான் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து, பிஸ்வ பாங்ளா சரணியில் வேகமாகப் போனதாகப் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. கேமரா பிடித்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அகலமான சாலை, எல்லோரும்தான் அந்த வேகத்தில் போகிறார்கள், எனக்கு மட்டும் ஏன்? யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. கேமராவிடம் என்ன பேசுவது? அதற்கு ஆங்கிலம் தெரியாது, நடுங்கும் குரல் கேட்காது, அதனிடம் சொல்லி அம்மாவை எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்க முடியாது. நான்கு நாள் முணுமுணுத்துவிட்டு, ஐந்தாம் நாள் இணையத்தில் பணத்தைக் கட்டினேன். கட்டும்போது ஒன்று உறைத்தது: அந்தப் பையனையும் என்னையும் ஒரே தட்டில் நிறுத்திய முதல் அதிகாரி இந்தக் கேமராதான்.

அதற்காகக் கேமரா வந்தால் நியாயம் வந்துவிட்டது என்று சொல்லவில்லை. தொகை ஒன்று, வலி வேறு. அவனுக்கு இரண்டு நாள் போன அதே தொகை எனக்கு ஒரு சனிக்கிழமைச் சாப்பாட்டு பில். பின்லாந்தில் கடுமையான வேகக் குற்றங்களுக்கு அபராதம் வருமானத்தைப் பொறுத்தது. 2023இல் ஆண்டர்ஸ் விக்லெஃப் என்ற கோடீஸ்வரர் 50 கிலோமீட்டர் வேக வரம்பு உள்ள இடத்தில் 82இல் போனதற்கு 1,21,000 யூரோ கட்டினார். நம் நாட்டில் அப்படிச் செய்வது எளிதில்லை. ஒரே தொகையைச் சமநீதி என்று சொல்லிக்கொள்ளாமலாவது இருக்கலாம்.

இன்னொன்று. கேமரா நம்பர் பிளேட்டைத்தான் படிக்கும். ஓடும் வண்டியில் ‘புதிய ஆர்டர், ஏற்கிறாயா’ என்று கேட்டு, நொடிகளை எண்ணிக் காட்டும் செயலிக்கு நம்பர் பிளேட் கிடையாது. பையன் திரையைத் தட்டியது குற்றம்தான். தட்ட வைத்தவர்களுக்கு எந்த முக்கில் நின்று சீட்டு எழுதுவது?

இதையெல்லாம் சொல்லி என் குற்றத்தை நீர்க்கச் செய்ய வரவில்லை. கணக்கு மிக எளிது. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம். செட்டியார் பொம்மையை மூன்று நொடி பார்த்தால் 33 மீட்டர், ஏறக்குறைய மூன்று பேருந்து நீளம், குருட்டு ஓட்டம். காதில் மாட்டிப் பேசினால் பரவாயில்லை என்றும் நினைத்திருந்தேன். டொராண்டோவில் 699 ஓட்டுநர்களை ஆராய்ந்து 1997இல் வெளிவந்த ஆய்வு, போன் பேசும்போது விபத்து வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்றது. கையில் பிடிக்காத போனிலும் பாதுகாப்பு கூடவில்லை என்றது. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அன்று என் காருக்கு முன்னால் யாரும் குறுக்கே வரவில்லை. அது என் அதிர்ஷ்டம், திறமையல்ல.

இப்போது காரில் ஏறியதும் போன் கைப்பைக்குள், கைப்பை பின்னிருக்கையில். வழி தெரியாவிட்டால் ஓரமாக நிறுத்திப் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்குப் பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் போகும். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

உங்களையும் ஒரு நாள் கையைக் காட்டி நிறுத்துவார்கள். தப்பிக்க ஒரு காரணம் உங்கள் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். அதைச் சொல்வதற்கு முன் பக்கத்தில் நிற்பது யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள், சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.